பயம் என்னும் மேற்பார்வை

அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் நிரந்தர ஆசிரியர் அல்லாத பெரியவர்கள் பலர் வந்து போகிறார்கள். மழலையர் வகுப்பில் குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிச் செல்லும் ஆயா, அங்கன்வாடி உதவியாளர், பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் சம்பளம் வாங்கும் ‘பி.டி.ஏ. டீச்சர்’, பள்ளி மேலாண்மைக் குழு அமர்த்திய தற்காலிக ஆசிரியர், வாரத்தில் மூன்று அரைநாள் வரும் பகுதிநேர ஆசிரியர், வட்டார வள மையத்திலிருந்து முறை வைத்து வரும் சிறப்புப் பயிற்றுநர் என இந்த வரிசை நீளமானது. காட்டாங்குளத்தூரிலிருந்து சித்தாமூர் வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் எட்டு ஒன்றியங்களுக்கும் இது பொருந்தும். இவர்களில் ஒருவருக்குச் சமூக நலத்துறை படியளக்கிறது. இன்னொருவருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். மற்றொருவருக்கு ஊர்ப் பெற்றோர். ஒரே குழந்தையைக் கவனிக்கும் மூன்று பேருக்கு மூன்று மேலிடங்கள்.

இவர்களை எப்படி அமர்த்துவது, யாருக்குப் பதில் சொல்ல வைப்பது என்று கேட்டால் கல்வி அலுவலகத்திலும் டீக்கடையிலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: ‘பர்மனென்ட் பண்ணிட்டா கால் மேல கால் போட்டுக்குவாங்க, டெம்பரரின்னாதான் பயம் இருக்கும்.’ எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்ற நிலைதான் பொறுப்பை உண்டாக்கும் என்பது இதன் உட்பொருள். ஊர்க்காரரையே அமர்த்தினால் ஊரே கண்காணிக்கும், மதிப்பூதியத்தில் நன்றாக வேலை நடப்பதை ஆய்வுகளே காட்டிவிட்டன, நிரந்தரமாக்கச் சட்டமும் கஜானாவும் இடம் தராது என்னும் மூன்று வாதங்கள் அதற்குத் துணையாக வரும். இது வெறும் முதலாளிப் பேச்சு அல்ல. பள்ளிக்கு வராத நிரந்தர ஆசிரியரைப் பார்த்து நொந்த பெற்றோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. எளிதில் நீக்கப்படக்கூடியவர் பொறுப்புள்ளவர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலும் அவர்தான் எந்தப் பொறுப்புக்கும் ஆளாக்க முடியாதவர்.

மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரக் குப்பம் ஒன்றில், மழலையர் வகுப்பின் காலை நேரம் எப்படிப் போகும் என்று பார்த்தால் இது விளங்கும். தாய் மீன் விற்கப் போயிருப்பார். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது அக்காவோ பாட்டியோ. சாப்பிட்டு முடித்த குழந்தைக்குக் கை கழுவிவிட வேண்டும். டவுசரை நனைத்துக்கொண்ட பையனை மற்றவர்கள் சிரிக்கும் முன் மாற்ற வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடுகிறவனைப் பிடித்து வர வேண்டும். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் இருளர் வீட்டுப் பெண்ணுக்குப் பசியா, காய்ச்சலா, புது இடத்து மிரட்சியா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் தலைமையாசிரியர் ஆயாவைக் கூப்பிட்டு, எமிஸ் என்னும் பள்ளித் தரவுத் தளத்தின் பதிவுக்கு ஒரு கை கொடுக்கச் சொல்லுவார், மறுக்க முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் வகுப்பில் ஒரு குழந்தை விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? ஆயா என்றே எல்லாரும் சொல்வார்கள். அவருடைய வேலை என்ன, எத்தனை குழந்தைக்கு அவர் ஒருவர், எந்த வேலைக்கு அவரை அழைக்கக் கூடாது என்று அவர் கையில் ஒரு தாளும் இருக்காது.

இதே வளாகத்தின் சமையற்கூடத்தில் நிலைமை வேறு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் புதன்கிழமை பொங்கல் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். சமைப்பவர் பெரும்பாலும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஊர்ப் பெண். நிரந்தர ஊழியர் அல்லர். ஆனாலும் அவரிடம் கணக்குக் கேட்க முடிகிறது. என்ன சமைக்க வேண்டும், எத்தனை மணிக்குள், யார் ருசி பார்ப்பது என்பதெல்லாம் முன்பே தீர்மானமானவை. பொங்கல் குழைந்தால் விசாரிக்க வழியுண்டு. குழந்தையைக் கழிப்பறையில் தனியே விட்டுவிட்டு வந்தால் எந்த விதியை மீறினார் என்று காட்ட விதியே இல்லை. எழுதப்படாத கடமையில் யாரையும் தவறியவர் என்று நிரூபிக்க முடியாது. பிடிக்கவில்லை என்று அனுப்பத்தான் முடியும்.

பயம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2012-இல் தமிழகம் முழுதும் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2024-இல் அது 12,500 ஆயிற்று. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களின் நெடுநாள் குறையாக இருந்தது. பணி நிரந்தரம் தேர்தல் வாக்குறுதியிலும் இடம்பெற்றது, போராட்டம் நிற்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் ‘எந்நேரமும் நீக்கலாம்’ என்ற நிலையில் இருந்தவர்கள் இவர்கள். சரியாகக் கற்பிக்காததற்காக மதிப்பிட்டு நீக்கப்பட்டவர்களால் இவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. இந்தச் சம்பளத்தில் வாழ முடியாமல் விலகியும், வயதாகியும், இறந்தும் குறைந்தது. ஆண்டுதோறும் பணி நீட்டிப்பு தானாக நடக்கிறது. ஆக, அந்தப் பயம் பூச்சாண்டி அளவுக்குத்தான் உண்டு: வேலையைத் திருத்தாது, வேலை செய்பவரை மட்டும் நிம்மதியாக இருக்க விடாது.

அந்தப் பயம் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு என்றால் அது வாயை மூடவைப்பதில்தான். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்ற ஐயம் வந்தாலும்கூட, காவல்துறைக்குத் தெரிவிப்பதை ஒவ்வொருவரின் கடமையாக 19-ஆம் பிரிவில் ஆக்கியிருக்கிறது. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. குழந்தையின் உடலில் உள்ள காயத்தை முதலில் பார்க்கிறவர், உடை மாற்றிவிடும் ஆயா. அந்தக் காயத்துக்குக் காரணமானவர் பள்ளியில் செல்வாக்குள்ளவர் என்றால், தலைமையாசிரியரின் ஒரு வார்த்தையில் வேலை போய்விடக்கூடிய அந்தப் பெண் 1098-க்கோ 14417-க்கோ போன் செய்வார் என்று எதை நம்பி எதிர்பார்ப்பது? சட்டம் கேட்கும் துணிச்சலை வேலை நிபந்தனை பறித்துவிடுகிறது.

எளிதாக நீக்குவதில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவரைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி ஏறாது. விசாரணை இல்லாததால் முடிவும் இல்லை; முடிவு இல்லாததால் பதிவும் இல்லை. அவர் அடுத்த ஒன்றியத்தில், இலத்தூரிலோ திருப்போரூரிலோ, இன்னொரு பள்ளிக்குப் போகலாம். அங்கே கேட்பார் இல்லை. இங்கிலாந்து இதற்கு மிகக் கொடிய விலை கொடுத்தது. 2002 ஆகஸ்டில் சோகாம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவன், அங்குள்ள மேல்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளர். அவன் முன்பு வாழ்ந்த வட்டாரத்தில் அவன்மேல் பல புகார்கள் வந்திருந்தன. அவை முறையாகப் பதியப்படவும் இல்லை, அவனை வேலைக்கு எடுத்தவர்களை எட்டவும் இல்லை. மைக்கேல் பிச்சர்ட் தலைமையிலான விசாரணை 2004-இல் இதை அக்குவேறு ஆணிவேறாக எடுத்துக் காட்டியது. 2006-இல் குழந்தைகளோடு பணிபுரிவோரின் பின்னணியைச் சரிபார்க்கத் தனிச் சட்டமே வந்தது. தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்து, மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானதும் இதே வழியில்தான்: வந்தவர் யார், எந்த அமைப்பு அனுப்பியது என்று வாசலில் யாரும் கேட்கவில்லை.

‘நிரந்தர ஊழியர் மட்டும் யோக்கியமா?’ என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. 2025 பிப்ரவரியில் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாணவியை வன்கொடுமை செய்ததாகக் கைதானவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மூவர். செங்கல்பட்டு நகரிலேயே, அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று பதினேழு வயதுச் சிறுவன் இறந்து, அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகே மாநிலத்தின் இல்லங்களைப் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. இந்த உதாரணங்களைச் சொல்பவர்கள் அறியாமலே தங்கள் வாதத்தையும் முறித்துக்கொள்கிறார்கள். நிரந்தரத்திலும் குற்றம் நடக்கிறது, தற்காலிகத்திலும் நடக்கிறது என்றால், தீர்மானிக்கும் காரணம் பணியின் பெயர் அல்ல. குழந்தை சொல்வதைக் கேட்க வெளியாள் ஒருவர் இருக்கிறாரா, கேட்டதை எழுதி வைக்கிறார்களா, எழுதியதன்மேல் யாராவது நடவடிக்கை எடுத்தாக வேண்டுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிரந்தர ஊழியர் விஷயத்தில் இவை அரைகுறையாகவேனும் உண்டு. தற்காலிக ஊழியர் விஷயத்தில் இவை தேவையே இல்லை என்று எண்ணவைப்பதுதான் ‘எளிதில் நீக்கலாம்’ என்ற நம்பிக்கை செய்யும் கேடு.

இனி ஊரார் கண்காணிப்பு. உள்ளூர்க்காரரை அமர்த்துவதில் பிழையில்லை. குழந்தையின் பேச்சும் வீடும் தெரிந்தவர் வருவது நல்லதே. ஆனால் உள்ளூர்க்காரரை அமர்த்துவது ஒன்று, ஊர்ப் பெரியவர் கைகாட்டியவரை அமர்த்துவது வேறு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. 2022-இல் தமிழ்நாடு இருபது பேர் கொண்ட குழுக்களை மறுகட்டமைத்தது. 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்து நான்காக்கியது. கண்காணிக்க இது நல்ல அமைப்பு. ஆள் எடுக்கும் வேலையையும் அதன் தலையில் கட்டியதும் சிக்கல் தொடங்கியது. 2022-இல் 13,331 காலியிடங்களை (இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188) 7,500, 10,000, 12,000 ரூபாயில் இக்குழுக்கள் மூலம் நிரப்ப அரசு முடிவு செய்தபோது, விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இடைக்காலத் தடை வந்தது. பிறகே தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன.

செங்கல்பட்டுக் கடற்கரையில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. குப்பங்களில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்றும் கனம் அதிகம். சற்று உள்ளே போனால் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களின் கை ஓங்கியிருக்கும். ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் குடியிருக்கும் இருளர்கள் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள். கோவில் அன்னதானப் பந்தியிலிருந்தே விரட்டப்பட்டதாக நரிக்குறவப் பெண் ஒருவர் 2021-இல் பேசியது மாநிலமெங்கும் பரவி, அந்த ஆண்டு தீபாவளியன்று முதலமைச்சரே மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்க வேண்டியிருந்த வட்டாரம் இது. இங்கே ஊர்ப் பெரிய வீட்டு மருமகள் பள்ளியில் உதவியாளர் என்றால், தன் பிள்ளையை அவர் தனியே உட்காரவைத்தார் என்று இருளர் தாய் ஒருத்தி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? ஊர்க் கண்காணிப்பு என்பது ஊரில் குரல் உள்ளவர்களின் கண்காணிப்பு. மாறாக, இருளர் பெண்ணே உதவியாளராக வந்துவிட்டால், ‘எப்போதும் நீக்கலாம்’ என்ற விதி முதலில் பாய்வது அவர்மேல்தான்.

மக்கள் பங்கேற்புக்குக் காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை மேற்கோள் காட்டுவது வழக்கம். அது 1958-இல் தொடங்கியதே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில்தான். அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அந்த மாநாடுகளில் ஊரார் கட்டடம் தந்தார்கள், மேசை நாற்காலி தந்தார்கள், சீருடை தந்தார்கள். ஆசிரியரை அமர்த்தும் பொறுப்பை ஊரார் தலையில் அரசு இறக்கி வைக்கவில்லை. கொடையையும் நியமனத்தையும் ஒன்றாகக் குழப்பும் பழக்கம் பின்னால் வந்தது.

ஆய்வுச் சான்று எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாதம் ஆயிரம் ரூபாய் பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு நடந்தது. கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கூடுதலாக ஒரு அரைநாள் பணியாளரைச் சேர்த்துப் பார்த்த சோதனையில் முன்பருவக் கல்வி நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கற்றலும் உடல்நிலையும் தேறின. இவற்றை வைத்துக்கொண்டு ‘மதிப்பூதியமே போதும்’ என்கிறார்கள். ஆனால் இரண்டிலும் உதவியாளருக்கு வரையறுத்த வேலை இருந்தது. தன்னார்வலருக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம், கையில் பாடப்பொருள். அங்கன்வாடிக்கு வந்தவருக்கு முன்பருவக் கல்வியே முதல் வேலை. எடை பார்ப்பதும் ஏடு எழுதுவதும் பழைய பணியாளரிடமே இருந்தன. வெற்றிக்குக் காரணம் குறைந்த சம்பளமா, தெளிவான வேலையா என்பதை இந்த ஆய்வுகளைக் காட்டுபவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

கென்யாவில் அப்படிப் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். ஒப்பந்த ஆசிரியரால் கற்றல் உயர்ந்தது என்று முதல் ஆய்வு சொன்னதும், அரசு அதை நாடு முழுதும் விரிக்க முனைந்தது. டெஸ்ஸா போல்டும் உடனாய்வாளர்களும் ஒரே ஒப்பந்த முறையை ஒரு பகுதியில் தொண்டு நிறுவனமும் இன்னொரு பகுதியில் அரசும் நடத்தும்படி வைத்து ஒப்பிட்டார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பயன் இருந்தது; அரசு நடத்திய பள்ளிகளில் இல்லவே இல்லை. இரண்டு பக்கமும் ஒப்பந்தம் ஒன்று, வேலை போகும் பயமும் ஒன்று. மாறியது மேலாண்மை மட்டும். பயமே பொறுப்பை உண்டாக்கும் என்ற வாதம் இந்த ஒரு முடிவின் முன் நிற்காது. இங்கிலாந்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் குழுவின் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: வகுப்பறை உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள். உதவியாளரின் சோம்பல் அல்ல காரணம். பின்தங்கிய பிள்ளைகளை ஆசிரியர் அப்படியே உதவியாளர் கையில் விட்டுவிட்டார். பாடத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ள நேரமும் ஒதுக்கப்படவில்லை.

சட்ட வாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுவது 2006 ஏப்ரலில் வந்த உமாதேவி வழக்குத் தீர்ப்பு. பின்வாசல் வழியாக வந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதன் பொருள் முன்வாசலைத் திறந்து வையுங்கள் என்பதுதானே தவிர, பின்வாசல் வழியாகவே ஆள் எடுத்துக்கொண்டிருங்கள் என்பதல்ல. நீண்ட காலம் உழைத்தவர்களைக் கழற்றிவிட இந்தத் தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கடிந்துகொண்டது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் பத்துக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை 2021 அக்டோபரில் வரையறுத்ததும் அதுவே. பல பள்ளிகளுக்கு ஒருவர் முறை வைத்துப் போகும் ஏற்பாடு அந்த விகிதத்துக்கு அருகில்கூட வராது.

கஜானா வாதத்துக்கு ஒரு கணக்கு போதும். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, 2022-இல் அவற்றுக்குத் தற்காலிக ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்க முடிவானது. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 227 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 281. ஏரி தூர்வாருவதும் மதிப்புள்ள உழைப்புதான். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் படித்து வந்தவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு அவரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது சிக்கனம் ஆகாது. போதாக்குறைக்கு, பி.எம். ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அடுத்த மாதச் சம்பளத்துக்குச் சென்னையும் டெல்லியும் முடிவு சொல்லக் காத்திருந்தவர்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் உண்டு.

நிரந்தர அரசு ஊழியம், இல்லாவிட்டால் மதிப்பூதியம் என இரண்டே வழிதான் உண்டு என்பதும் உண்மையல்ல. இடைப்பட்ட வழியைத் தமிழ்நாடே நெடுங்காலமாக நடத்தி வருகிறது. சத்துணவு, அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. 2025 ஏப்ரலில் 7,783 அங்கன்வாடி இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது கல்வித் தகுதி, வயது, வசிப்பிடம், கைம்பெண்களுக்கான முன்னுரிமை எல்லாம் அச்சில் இருந்தன. முதல் பன்னிரண்டு மாதம் தொகுப்பூதியம், அதற்குப் பின் காலமுறை ஊதியம். உள்ளூர்ப் பெண்ணே வருகிறார். ஆனால் யார் விண்ணப்பித்தார், யார் தேர்வானார், ஏன் என்று கேட்க ஒரு காகிதம் இருக்கிறது. இதே முறையைப் பள்ளி ஆயாவுக்கும் மழலையர் உதவியாளருக்கும் நீட்டுவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒன்றிய அளவில் ஒரே பட்டியல், காவல்துறைச் சரிபார்ப்பு, வேலை வரையறை எழுதிய ஆணை, புகார் வந்தால் தலைமையாசிரியர் அல்லாத ஒருவர், அதாவது வட்டாரக் கல்வி அலுவலர், குறித்த நாளுக்குள் விசாரித்து எழுதும் முடிவு: இவ்வளவே வேண்டும். குற்றம் உறுதியானால் அவரை நீக்குவதோடு, நீக்கிய காரணம் அடுத்த பள்ளிக்குத் தெரியும்படி எமிஸ் தளத்திலும் ஏற வேண்டும். மாணவரின் ரத்த வகை வரை கேட்கும் அந்தத் தளத்தில், குழந்தைக்கு உடை மாற்றிவிடுபவர் யார் என்பதற்கு ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய செலவில்லை. மேலாண்மைக் குழு நியமிக்கும் வேலையிலிருந்து விடுபட்டால் கண்காணிக்கும் வேலையைச் செய்யலாம். தானே அமர்த்தியவர்மேல் தானே புகார் விசாரிக்கும் சங்கடம் அதற்கு இராது.